ஆலங்காட்டில் வாடகை வீடு பார்த்தல்

சென்னையிலிருந்து அரக்கோணத்திற்குச் செல்லும் இருப்புப்பாதை, 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திற்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய அதே பாதையாகும். அந்தப் பாதையில் திருவள்ளூரையும் கடம்பத்தூரையும் கடந்து, அரக்கோணத்திற்குச் சற்று முன்னால், திருவாலங்காடு என்ற பெயரைத் தாங்கி ஒரு சிறிய நிலையம் நிற்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்குகிறவர், வடாரண்யேசுவரர் கோயிலும் ரத்தின சபையும் எதிரே தோன்றும் என்று எண்ணினால் அது நடவாது. ஊர் அங்கிருந்து 4, 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு நாள் சுவாமி தரிசனத்திற்கு வருகிறவருக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டல்ல. ஆனால் இங்கே குடித்தனம் வைத்து, விடியற்காலையில் வண்டியேறிச் சென்னைக்கோ திருவள்ளூருக்கோ வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பப் போகிறவருக்கு, வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாக ஆராய வேண்டிய விஷயம் அதுவே.

ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பாதையைப் பார்க்க வேண்டும். எந்த மின்சார வண்டி இங்கே நிற்கிறது, எது நிற்காமல் போகிறது, இரவு கடைசி வண்டியில் இறங்கினால் ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ கிடைக்குமா, இருசக்கர வண்டியை நிலையத்தருகே நம்பி விட்டுச் செல்ல இடமுண்டா என்பவற்றை, கால அட்டவணையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், வேலைக்குப் போகும் அதே நேரத்தில் ஒருமுறை பிரயாணம் செய்து பார்த்தே முடிவு செய்வது உத்தமம். அப்படிப் பார்த்தபின், நிலையத்தை ஒட்டிய பக்கத்தில் வீடு கொள்வதா, கோயிலைச் சுற்றிய ஊருக்குள் கொள்வதா, அல்லது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருத்தணி நகரத்திலேயே கொண்டுவிடுவதா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். திருத்தணி நகராட்சியாதலால் ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், பெரிய கடைவீதி முதலிய சௌகரியங்கள் அங்கே உண்டு. ஆனால் ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு மலையின் 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் படித் திருவிழாவிற்கும் காவடிகளும் ஜனங்களும் வந்து நிறையும்போது, மலையடிவாரத்துத் தெருக்களில் வீட்டு வாசலைத் திறந்து வெளியே வருவதே சிரமமாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோயிலுக்கு அருகிலேயே வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சேர்ந்த மண்ணாயிற்றே, இதைக் காலால் எப்படி மிதிப்பது என்று அஞ்சித் திருஞானசம்பந்தர் ஊருக்குள் புகாமல் பக்கத்து ஊரிலேயே ஓரிரவு தங்கினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சம்பந்தப் பெருமானே பக்கத்தூரில் தங்கியிருக்க, தேரடியில் வீடு கிடைக்கவில்லையே என்று நாம் மனம் நோகத் தேவையில்லை. அகலமான தெருவும் நல்ல தண்ணீரும் தனி மின்மீட்டரும் உள்ள ஒரு வீடு அரை மைல் தள்ளிக் கிடைக்குமானால், அதுவே குடும்பத்திற்கு ஏற்றது.

இங்கே வீடு தேடி வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கும் பள்ளிகளுக்கும் மாற்றலாகி வருகிறவர்கள் உண்டு. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை திருவாலங்காட்டிலேயே இருப்பதால் அதைச் சார்ந்து வருகிறவர்கள் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊர்த்துவ தாண்டவம் ஆடிய பெருமானின் சந்நிதியில் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிற வயோதிகத் தம்பதிகளும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: பட்டணத்தில் பழகிய முறையில் தேடினால் இங்கே வீடு அகப்படாது. புரோக்கர்கள் மலிந்த இடமல்ல இது. ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகை தொங்கும் வீடுகளைவிட, பலகை இல்லாமலே காலியாக இருக்கும் வீடுகள்தாம் அதிகம். அவற்றின் விவரம் பால் ஊற்றுகிறவருக்கும், இஸ்திரி வண்டிக்காரருக்கும், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாளுக்கும், டீக்கடையில் காலைப் பத்திரிகை படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் தெரியும். இவர்களிடம் அவசரமின்றிப் பேச வேண்டும். நாம் யார், எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும். சாயங்காலத்திற்குள் அந்தச் செய்தி வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும். மறுநாள் நாம் போய் நிற்கும்போது, நம்மை முன்பே அறிந்தவர்போல் அவர் பேசுவார்.

காலம் பார்த்து வருவதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை. அதனால் ஆனியில் காலியான வீடு ஆவணி வரையிலும், கார்த்திகையில் காலியான வீடு தை வரையிலும் பூட்டியே கிடக்கும். நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை உடையவர்கூட, அந்த மாதங்களில் வீட்டைப் பார்த்துப் பேசி முடித்து முன்பணத்தில் ஒரு சிறு தொகை கொடுத்து வைத்துவிட்டு, ஆவணியிலோ தையிலோ குடி வரலாம்; அதைச் சாஸ்திரம் தடுக்கவில்லை. வேறு யாரும் வீடு கேட்டு வராத அந்த நாட்களில் வீட்டுக்காரரும் நிதானமாகப் பேசுவார், வாடகையிலும் கொஞ்சம் இறங்கி வருவார். மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்கும் அவசரத்தில் எல்லோரும் ஒருசேரத் தேடும்போது வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

இனி வீட்டைப் பார்க்கும் விதம். தமிழ்நாட்டில் கோடை வெயில் உச்சமாகப் பதிவாகும் இடங்களைப் பத்திரிகைகள் வரிசைப்படுத்தும்போது, வேலூரோடு திருத்தணியின் பெயரும் தவறாமல் வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரிக்கு மேல் போவது இப்பகுதியில் சாதாரணம். ஆகையால் இங்கே வீடு பார்க்க வேண்டிய நேரம் காலையுமல்ல, மாலையுமல்ல. பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் மாடிப் போர்ஷனுக்குள் போய், ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்தின்மேல் தட்டோடு பதிக்காமல், வெள்ளையும் அடிக்காமல் விட்டிருந்தால், விசிறி கீழே தள்ளுவது அனல்காற்றாகவே இருக்கும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் மேற்குச் சுவர் எது என்பதைக் கேளாமலே சொல்லிவிடலாம். மரத் துலாம்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடோ, உயரமான நாட்டு ஓட்டு வீடோ அகப்பட்டால், அதன் தரையில் சிமெண்டு பெயர்ந்திருக்கிறது, சமையலறை இருட்டாக இருக்கிறது என்பன போன்ற சில்லறைக் குறைகளுக்காக அதை விட்டுவிட வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். மழை ஒழுகுகிறதா என்று மட்டும், உத்தரத்தின் ஓரங்களில் கறை படிந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி அடைமழையில் தெரிய வேண்டியதை அந்தக் கறை முன்கூட்டியே சொல்லிவிடும்.

தண்ணீரை நாவால் ருசித்தும் கண்ணால் பார்த்தும் அறிய வேண்டும். போர்வெல் தண்ணீர் சில இடங்களில் நன்றாக இருக்கும். சில இடங்களில் உப்பு மிகுந்து, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படியும். குளியலறைக் குழாயின் வாயையும் பக்கெட்டின் உள்விளிம்பையும் பார்த்தாலே இது விளங்கும். புதிதாகத் தேய்த்துக் கழுவிய வீடாயிருந்தால் பக்கத்துக் குடித்தனத்து அம்மாளைக் கேட்பதே நல்லது. ஊராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் தண்ணீர் விடுகிறார்கள், மாடிக்கு ஏறுமா, மோட்டார் போடுகிற உரிமை யாருக்கு என்ற கேள்விகளை வீட்டுக்காரரிடம் கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை. ஒண்டுக் குடித்தனங்களில் மூளும் சண்டைகளில் பெரும்பாலானவை மோட்டார் சுவிட்சிலிருந்தே ஆரம்பமாகின்றன.

அடுத்தது மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு, முதல் 100 யூனிட் இலவசமாக அளிக்கப்படுகிறது. அதற்குமேல் உபயோகம் ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. இதன் விளைவு என்னவென்றால், வீட்டுக்காரர் கீழேயும் நாம் மேலேயுமாக இரு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால், இருவரின் உபயோகமும் ஒன்று சேர்ந்து உயர்ந்த விலைப்படிக்குப் போய்விடும். இலவச யூனிட்டும் ஒருமுறைதான் கிடைக்கும். அந்த இடத்தில் ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்று ஒரு விலையைச் சொல்லிக் குடியிருப்பவரிடம் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த விலை பெரும்பாலும் மின்வாரியத்தின் ஆரம்ப விலைகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். தனி இணைப்பு உள்ள வீட்டிற்கு மாதம் சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. தனி இணைப்பானால், பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதை மின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டு, குடிவரும் நாளின் மீட்டர் எண்ணை இருவருமாகக் குறித்து வைக்க வேண்டும்.

பேச்சு வார்த்தை பெரும்பாலும் திண்ணையில் நடக்கும். வீட்டம்மாள் முதலில் கேட்பது, “எத்தினி பேரு தம்பி, சின்னப் பசங்க இருக்காங்களா?” என்பதாக இருக்கும். “நானும் சம்சாரமும், ஒரு பெண் குழந்தை, அம்மா அப்பப்ப வந்து போவாங்க” என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், வந்து போகிற தாயாரை மறைத்துவிட்டுப் பிறகு அவர்கள் மாதக்கணக்கில் தங்கும்போது முகம் கோணுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்தச் சீமையில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும். திருத்தணித் தாலுகா சித்தூர் ஜில்லாவில் இருந்து, ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அன்றைய சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது என்ற சரித்திரத்தை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. மாமியார் தெலுங்கில் கேட்டதை மருமகள் தமிழில் நமக்குச் சொல்லும் வீட்டில், இரண்டு தெலுங்கு வார்த்தைகளாவது கற்றுக்கொண்டு மறுமொழி சொன்னால் அங்கே மகிழ்ச்சி உண்டாகும்.

ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் வருத்தத்திற்குரிய கேள்வி ஒன்று உண்டு, அது “நீங்க என்ன ஆளுங்க?” என்பது. சில இடங்களில் “சைவமா?” என்ற கேள்வியே அதற்கு மாற்றுருவமாக வருகிறது. வீட்டில் மாமிசம் சமைக்கக் கூடாது என்று ஒருவர் நிபந்தனை விதித்தால், அதை ஏற்பதோ மறுப்பதோ நம் இஷ்டம். ஆனால் பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்துவது, சிவனடியார்களின் பெயரால் வழங்கும் ஒரு ஸ்தலத்தில் நடக்கத் தகாத காரியம். சாத்தமங்கையில் வேள்வி வளர்த்த அந்தணரான திருநீலநக்கர், சம்பந்தரோடு வந்த பாணர்குலத் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர் மனைவியாரையும், தம் வீட்டின் நடுவே, வேதிகையின் பக்கத்திலேயே தங்க வைத்தார்; வேள்வித் தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று என்று சேக்கிழார் பாடுகிறார். பெரிய புராணத்தைக் கோயிலில் கேட்டுவிட்டு வந்து வாசலில் ஜாதி கேட்பவர், கேட்ட புராணத்திற்கே அபசாரம் செய்கிறார். குடியிருக்க வருகிறவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம்; அத்தகைய வீட்டில் கிடைக்கும் நிழல் நெடுநாள் சுகம் தராது.

முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகியவர்கள் இங்கும் அதே கணக்கைச் சொல்லக்கூடும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்கலாகாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி’ என்ற அந்தச் சொற்றொடரிலேயே விஷயம் அடங்கியிருப்பதால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசிப்பது அவசியம். பட்டணத்துப் பத்து மாதக் கணக்கை இந்த ஊரில் ஒப்புக்கொள்ள நியாயமே இல்லை.

வாடகையே வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இருங்கள், போகும்போது வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். இதை ஒத்தி என்றும் போக்கியம் என்றும், இப்போது லீஸ் என்றும் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும், இது ஆபத்து மிகுந்த வியவகாரம். ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பு முழுவதும் இப்படி ஒரே கையில் போய் முடங்கிவிடுகிறது. கைமாற்றுக் காகிதத்தில் எழுதிய ஒத்திக்குப் பலமில்லை; சொத்தை ஈடாகக் கொண்டது என்றால் அது பதிவாக வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்த வீட்டின் பேரில் பாங்குக் கடன் இருக்கிறதா, பாகப்பிரிவினை வழக்கு உண்டா என்று விசாரித்த பின்னரே அந்த வழியில் போகலாம். மனையைப் பற்றிய விசாரணையும் இதனோடு சேர்ந்தது. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்களில், வீடு ஒருவருடையதாயும் அடிமனை கோயிலுடையதாயும் இருப்பதுண்டு. மாதவாடகைக்கு இருப்பவருக்கு அதனால் உடனே தீங்கு இல்லை. ஆனால் பெருந்தொகை கொடுத்து ஒத்திக்குப் போகிறவர், அடிமனை யாருடையது, மனை வாடகைப் பாக்கி உண்டா என்று தெரியாமல் பணம் கொடுப்பது கூடவே கூடாது.

எழுத்து எதற்கு, நம்பிக்கை போதாதா என்று இங்கே பலர் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் கபடம் இல்லை. இந்த ஊருக்கு அடுத்த பழையனூரில்தான், நீலி என்ற பேயிடம் அகப்பட்ட வணிகனுக்கு, ‘உன் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் நாங்களும் உயிர் தருகிறோம்’ என்று வாய்ச்சொல்லால் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், இரவு தங்கிய இடத்தில் அவன் மாண்டுபோனதைக் கண்டு, சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தார்கள். அறிமுகமில்லாத ஒருவனுக்கு ஓரிரவு இடம் கொடுத்த சொல்லை இவ்வளவு பெரிதாக மதித்த மண் இது. அதே பழையனூர்தான், ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில் ஆலங்காட்டு மகாதேவருக்குத் தானமாக விடப்பட்டபோது, எல்லைகளும் உரிமைகளும் நிபந்தனைகளும் ஒன்று விடாமல் செப்பேட்டில் வரையப்பெற்றது. 1905-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று சரித்திர ஆசிரியர்கள் போற்றுவது அவற்றைத்தான். சொல்லுக்காக உயிர் கொடுத்த ஊரின் விஷயத்திலேயே, சக்கரவர்த்தி சொல்லோடு நிறுத்தவில்லை. செம்பில் வெட்டி முத்திரை வளையத்தில் கோத்து வைத்தார். வீட்டுக்காரரிடம் இந்த உதாரணத்தை மரியாதையுடன் சொல்லி ஒப்பந்தம் கேட்டால், அவரைச் சந்தேகிப்பதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்திற்கு எழுதுவது பழைய பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்ததால், அதற்கு உட்படாமலிருக்க ஏற்பட்ட வழி அது. திருத்தணி போன்ற நகரத்தில் வீடு கொள்கிறவர், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்கலாகாது. கிராமத்தில் இருப்பவரும் எழுதாமல் இருக்க வேண்டாம். வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், ஆண்டுக்கு எத்தனை விகிதம் கூடும், வெள்ளையடிப்பு யார் செலவு, மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு, காலி செய்ய இருபுறமும் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை இருந்தால் போதும். ஒப்பந்த நகல் எழுதுகிறவர் சேர்க்கும் பிற வாசகங்கள் பெரும்பாலும் அலங்காரமே. வாடகையை வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ செலுத்தினால் அதுவே சாட்சியாகும். ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலி செய்யும் காலத்தில்தான் இந்த நோட்டும் ஒப்பந்தமும் கைகொடுக்கும். முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் செலுத்திவிட்டு, சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரரை அழைத்து, அறை அறையாகக் காண்பிக்க வேண்டும். ஆணி அடித்த துவாரங்களை நாமே வெள்ளைச் சிமெண்டால் பூசிவிட்டால் அதன்பேரில் பிடித்தம் வராது. மீட்டர் எண்ணைக் குறித்து, அதுவரையுள்ள மின்கட்டணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்து, மிச்ச முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு இரண்டு பிரதிகளில் ரசீது எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்ட பிறகு, எல்லாச் சாவிகளையும், குளியலறைக் கதவின் சிறு சாவி உட்பட, வீட்டுக்காரர் கையில் ஒப்படைத்துவிடலாம்.